மூன்றாவது கையெழுத்து

திங்கட்கிழமைதோறும் காலை ஏழரைக்கு என் மனைவி என் வலது கையை இழுத்து மேசைமேல் வைப்பாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலத் திறந்து, பத்து முறை வேகமாகத் தட்ட வேண்டும். பிறகு இடது கை. கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது. அன்றைக்கும் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் செய்தோம்.

"அகலமா திற. பிச்சை கேக்கிற மாதிரி திறக்கிற."

"கஞ்சி ஆறுது, ஃப்ரேமா."

"ஏழாவதுல சுருங்குச்சு."

"ஏழாவதுல நீ என் கையைப் பாக்கல, கடிகாரத்தைப் பாத்த."

"சரி, பாஸாயிட்ட. இன்னும் ஒரு வாரத்துக்கு நீ என் நோயாளி இல்ல, வெறும் புருஷன்தான்."

பயறு வடை இரண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு காரில் கிளம்பினாள். பின்பக்க டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று கத்தினேன். கையை மட்டும் ஆட்டினாள்.

பத்து நாற்பதுக்கு இறந்துவிட்டாள். துறைக் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து, "கொஞ்சம் மூச்சு வாங்குது, நீங்க போங்க, வரேன்" என்று மாணவர்களை வகுப்புக்கு அனுப்பியிருக்கிறாள். மருத்துவமனை அதே வளாகத்தில்தான். நான் டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, இதயம் என்றார்கள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

வராந்தாவில் லரிபா நின்றாள். ஃப்ரேமாவின் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவள், நாட்டின் வடக்குப் பகுதிக்காரி. அழுது முடித்திருந்தாள். கையில் ஒரு பச்சை உறை.

"சார், மன்னிச்சிடுங்க. இதை இப்பவே கேட்டாகணும். நாளைக்குப் பத்து நாற்பது வரைக்கும்தான் நேரம்."

உறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

மூளையின் அடியில், தண்டு தொடங்கும் இடத்தில், கருப்பாக ஒரு பட்டை இருக்கிறது. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. அவை சாகச் சாக அந்தக் கருப்பு வெளுத்துக்கொண்டே போகும். மனிதனுக்குக் கை நடுங்கும், விரல் தட்டத் தட்டச் சுருங்கும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், முகம் மரக்கட்டையாகும். என் மனைவி அந்தச் செல்களை எண்ணினாள். முப்பது வருடம் அதைத்தான் செய்தாள். முதல் பன்னிரண்டு வருடம் குளிர் நாட்டு நகரம் ஒன்றில், அந்த ஊர்க்காரர்களின் மூளைகளை எண்ணினாள். கட்டுரைகளில் அவள் பெயர் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். பிறகு எங்கள் நாட்டுக்கு, குமாசிக்குத் திரும்பி வந்து, ஒரு ஃப்ரீசரும் இரண்டு ஜெனரேட்டருமாகத் தன் கூடத்தைத் தொடங்கினாள். இரண்டாவது ஜெனரேட்டரைப் பல்கலைக்கழகம் தரவில்லை. என் வருங்கால வைப்புநிதி தந்தது.

அவளிடம் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. நம் ஆட்களுக்கு அந்தச் செல்கள் ஆரம்பத்தில் எத்தனை இருக்கின்றன? புத்தகங்களில் இருக்கும் எண்ணிக்கை வேறு யாரோ வெள்ளைக்காரக் கிழவர்களுடையது. ஒருவனிடம் முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், எவ்வளவு தொலைத்தான் என்று எப்படிச் சொல்வது? மருந்தின் அளவை எதை வைத்து முடிவு செய்வது?

அந்த நோய் வந்து இறந்தவர்களின் மூளைகள் பதினொன்று அவளிடம் இருந்தன. பத்து வருடம் அந்த நடுக்கத்தைப் பார்த்த குடும்பங்கள் அவை. இது என்ன சாபம் என்று தெரிந்தால் போதும் என்று கொடுத்தார்கள். ஆரோக்கியமாக இருந்து திடீரென்று செத்தவனுடைய மூளையை யாரும் தருவதில்லை. "அவன் தலையில ஒண்ணும் இல்லையே, எதுக்குத் திறக்கணும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவளுக்கு வேண்டியதும் அந்த ஒன்றுமில்லாத தலைதான். ஒப்பிட உள்ளூர் மூளை இல்லை என்று எழுதி இதழ்கள் அவள் கட்டுரையை மூன்று முறை திருப்பின. அவளுடைய பழைய வெளிநாட்டுப் பேராசிரியர் போனில், எங்களிடம் இருப்பதை வைத்து ஒப்பிடு, என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போகிறது என்றார். மிக மரியாதையாக நன்றி சொல்லி போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "வித்தியாசம் இருக்கா இல்லையான்னுதான்டா கேட்டுட்டிருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஒருநாள், "என்னோடது இருக்கே" என்றாள். வருடா வருடம் தன்னைத்தானே சோதித்துக் குறித்து வைத்தாள். ஆரோக்கியமானவர்கள் வரிசையில் முதல் ஆள் தான்தான் என்று லரிபாவிடம் சொல்லி, கையெழுத்துப் போட்டாள். கணவன் என்ற கோட்டில் நான் போட்டேன். மூன்றாவது கோடு காலியாக இருந்தது. அது தாய்வழிக் குடும்பத் தலைவருக்கானது.

அந்த மூன்றாவது கோட்டைப் படிவத்தில் சேர்த்ததே ஃப்ரேமாதான். கூடம் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு தச்சரின் மூளையை அவர் மனைவியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டாள். ஒரு வாரத்தில் தச்சரின் தாய்மாமன்கள் சாவுக்கும் கோபத்துக்குமான சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வானொலியில் அவளைத் தலை விற்கிறவள் என்றார்கள். பதினெட்டு மாதம் கூடம் பூட்டிக் கிடந்தது. ஃப்ரேமாவின் மக்களான அசாந்திகளிடம் பிணம் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். வாழ்க்கைத்துணை வெளி ஆள். சவப்பெட்டி வாங்குவது என் கடமை, அதற்குள் கிடப்பவள் என்னுடையவள் அல்ல.

அதிலிருந்து அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போவாள், நோயாளி உயிரோடிருக்கும்போதே. முதல் முறை ஷ்னாப்ஸ் மதுப் புட்டியோடு சும்மா குசலம் விசாரிக்க. இரண்டாம் முறை இன்னொரு புட்டியோடு கேட்க. கார் ஓட்டியவன் நான். ஒருமுறை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் விதவை கூடத்துக்கே வந்து கெஞ்சினார். "அவரே தன் கையால எழுதி வச்சிருக்கார், டாக்டர்." ஃப்ரேமா அசையவில்லை. "தெரியும்மா. குடும்பத் தலைவர் கையெழுத்து இல்லாம நான் தொட மாட்டேன்." அந்த அம்மாள் படியிறங்கிப் போனதை நான் காரில் இருந்து பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அது சரியென்றுதான் பட்டது.

தன் குடும்பத் தலைவரிடம் மட்டும் அவள் போகவில்லை. அவளுடைய தாய்மாமன் ஓபனின் தாவியா ('ஓபனின்' என்றால் பெரியவர்), மாம்போங் ஊரில் இருக்கிறார். மர வியாபாரம் செய்து ஓய்ந்தவர், எண்பதைத் தொடுகிறவர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சாவு வீட்டில், பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த பந்தலில், "மாமா, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று ஃப்ரேமா கேட்டுவிட்டாள். அவருடைய வலது கட்டைவிரல் தானாக உருண்டுகொண்டிருந்தது. அவர் கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டு, "நான் இன்னும் சாகல, உன் ஐஸ் பெட்டிக்கு வேற ஆளைப் பாரு" என்றார். பந்தலே சிரித்தது. அதோடு பேச்சு நின்றது. படிவத்தைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாசம் போறேன்" என்பாள்.

இப்போது எனக்கு இருந்தது இருபத்துமூன்று மணி நேரம். உடல் குளிரில் இருந்தால் அதுவரை அந்தச் செல்கள் தாங்கும் என்பது அவளே போட்ட கணக்கு. பிரேதப் பரிசோதனை டாக்டர் தயார், ஐஸ் பெட்டி தயார் என்றாள் லரிபா. நான் உறையை வாங்கிக்கொண்டு, வளாகத்தில் நின்ற காரை எடுத்து நேராக மாம்போங் போனேன். பின் டயரில் காற்றுக்கூட அடிக்கவில்லை.

ஓபனின் தாவியா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வழி தவறிட்டீரா?"

"மாமா, ஃப்ரேமா போயிட்டா."

"எங்க?"

"செத்துப் போயிட்டா, மாமா. காலையில. இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும், நேரம் இல்ல…"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே என்ன செய்துவிட்டேன் என்று புரிந்துவிட்டது. அவர் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். திரும்பி வந்து உட்கார வெகுநேரம் ஆனது.

"நீர் எங்க ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொரு வருஷத்துல, ஒரு சாவை எப்படிச் சொல்றதுன்னு யாரும் சொல்லித் தரலையா? என் அக்கா மக செத்துட்டான்னு சொல்ல வந்திருக்கீர். ஒரு புட்டி இல்ல. கூட ஒரு ஆள் இல்ல. பேனா மட்டும் இருக்கு."

"மாமா, இது அவளே எழுதி வச்சது."

"நான் இன்னும் அழக்கூட இல்ல. அதுக்குள்ள தலையா? வோல்ட்டா பக்கம் இப்படித்தான் சாவு சொல்வீங்களோ?"

எங்கள் பக்கமும் அப்படிச் சொல்ல மாட்டோம். நான் வோல்ட்டாவில், ஹோ ஊரில் பிறந்தவன், பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன், இந்த மக்களின் சடங்குகளைப் பற்றிப் பரீட்சைக் கேள்விகள் தயாரித்தவன். தச்சர் வீட்டுக்குப் பிறகு ஃப்ரேமா எந்த வீட்டிலும் செய்யாத தப்பை, அவளுக்காகவே கேட்கப் போன ஒரே வீட்டில் நான் செய்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

சாலையோரம் காரை நிறுத்தி லரிபாவைக் கூப்பிட்டேன்.

"அவ கையெழுத்து இருக்கு. என் கையெழுத்து இருக்கு. எடுத்துடு."

"முடியாது, சார்."

"நான் சொல்றேன் லரிபா, எடு."

"சார், அவங்க சிவப்புத் துணி கட்டிட்டு வந்தா என்ன சொல்வேன்? பதினோரு பேர் அந்த ஃப்ரீசர்ல இருக்காங்க. அவங்க குடும்பமெல்லாம் ப்ரொஃப் பேச்சை நம்பிக் குடுத்தது. அந்த நம்பிக்கை போச்சுன்னா எல்லாம் போச்சு."

"அவ உனக்கு யாரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க, சார்."

என் நண்பர் அசியாமா, ஓய்வுபெற்ற ஆசிரியர், அசாந்திக்காரர். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்காகப் பேசும் பேச்சாளாக அவரைக் கூட்டிக்கொண்டு, கருப்புத் துணி கட்டி, இரண்டு புட்டியோடு மறுபடியும் போனேன். ஓபனின் தாவியா மூன்று பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். நேற்று நான் வந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். என்ன செய்தி என்று கேட்டார்கள். பாதை நல்லபடியாக இருந்தது என்றார் அசியாமா. மழை பற்றி, கோகோ பற்றி, யாரோ ஒருவர் முழங்கால் பற்றிப் பேசினார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று கையை மடித்து வைத்துக்கொண்டேன். எட்டேகாலுக்கு அசியாமா புட்டிகளை முன்னால் வைத்து, "உங்க வீட்டுப் பொண்ணு ஊருக்குப் போயிட்டா, திரும்பி வர மாட்டா" என்றார்.

ஓபனின் தாவியா அப்போதுதான் கேட்பதுபோல அழுதார். அது நடிப்பல்ல. வாய் திறந்து, பல்லில்லாத ஈறு தெரிய அழுதார். அவரை முழுதாக வெறுக்க விடாமல் செய்தது அந்த அழுகைதான், அதனாலேயே அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எட்டே முக்காலுக்கு அசியாமா பச்சை உறையை அவர்கள் முன்னால் வைத்து, படிவத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"தலையில்லாம அடக்கம் பண்ணச் சொல்றீங்களா?" என்றார் ஒரு பெரியவர்.

"தலை இருக்கும். மூளை மட்டும். முகத்துல ஒண்ணும் தெரியாது" என்றார் அசியாமா.

"அங்க போனதும் அவ அம்மா, எங்கடி உன் மூளைன்னு கேட்டா? ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு வந்தேன்னு சொல்வாளா?"

இன்னொருவர் சிரித்தார்.

"உடம்பை மட்டும் அடக்கம் வரைக்கும் நீங்க மூணு மாசம் ஃப்ரிட்ஜ்ல வைக்கப் போறீங்களே" என்றேன். அசியாமா என் தொடையை அழுத்தினார். பேச்சாளை வைத்துக்கொண்டு நான் நேரடியாகப் பேசியிருக்கக் கூடாது.

ஓபனின் தாவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கேட்டது காதுல விழுந்தது. நான் வேண்டாம்னு சொல்லல. வெள்ளிக்கிழமை குடும்பம் கூடும். அவ தங்கச்சி சுன்யானியிலிருந்து வரணும். அவளைக் கேக்காம நான் எப்படிப் போடுவேன்?"

"மாமா, பத்து நாற்பது வரைக்கும்தான்."

"செத்தவளுக்கு என்ன அவசரம், மாப்பிள்ளை?"

அந்த நேரத்தில் அவர் மனைவி டுஃபி மாமி ஒரு கிண்ணம் கஞ்சியும் ஒரு மாத்திரையும் கொண்டுவந்தார். ஒன்பது மணி மாத்திரை. அவர் வலது கையை வெளியே எடுத்தார். அது ஏறக்குறைய நடுங்கவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, "ரத்தக் கொதிப்பு" என்று பெரியவர்களிடம் சொன்னார்.

அது ரத்தக் கொதிப்புக்கானது அல்ல. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மாத்திரை. அந்தப் பந்தல் சண்டைக்கு இரண்டு மாதம் கழித்து, அவருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று மாமி ரகசியமாக வந்து அழுதார். அன்றிலிருந்து ஃப்ரேமா மாதாமாதம், ரத்தக் கொதிப்பு மாத்திரை என்று சொல்லச் சொல்லி, மாமி கையில் கொடுத்தனுப்பினாள். செத்தவர் தலையைத் தொட மூன்று கையெழுத்து கேட்டவள், உயிரோடிருந்த தாய்மாமனுக்கு ஒரு கையெழுத்தும் கேட்காமல், பொய் சொல்லி மருந்து கொடுத்தாள். இதற்காக அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். "தப்புதான். நான் சொன்னா முழுங்க மாட்டார். இப்ப அவர் கஞ்சியை அவரே குடிக்கிறாரா இல்லையா?" என்றாள்.

என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நீங்க கிண்ணத்தைச் சிந்தாம பிடிக்கிறதே அவ போட்ட பிச்சை, மாமா. பெரியவர்கள் முன்னால், பந்தலில் அவள் சொன்னது போலவே. அவமானத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அல்லது அன்றோடு மாத்திரையைத் துப்பிவிட்டு, ஒரு மாதத்தில் படுக்கையில் புரள முடியாமல் கிடந்திருக்கலாம். மாமி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அசியாமா பிறகு சொன்னார். இல்லை. மாமி மட்டும் அங்கே இல்லாதிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லாமல் விட்டதற்காக என்னை நான் மெச்சிக்கொண்டதும் இல்லை, மன்னித்ததும் இல்லை.

பத்து மணிக்கு, எந்தப் புட்டியை முதலில் திறப்பது, முன்னோர்களுக்கு யார் தரையில் ஊற்றுவது என்று பேச்சு வந்தது. வயதில் மூத்தவரா, கிளையில் மூத்தவரா என்று அரை மணி நேரம். நான் வாசலுக்குப் போய் நின்றேன். பத்து ஐம்பதுக்குப் போன் வந்தது.

"சார்," என்றாள் லரிபா. "டாக்டர் கையுறையைக் கழட்டிட்டார்."

"இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லு."

"சவக்கிடங்குல உடம்பைப் பெரிய ஃப்ரீசருக்கு மாத்தணுமாம். மூணு மாசம் வைக்கணும்னா சாதாரணக் குளிர் போதாதாம்."

அந்தப் பெரிய ஃப்ரீசரில் உடல் மெதுவாக உறையும்போது உள்ளே நீர் ஊசி ஊசியாகக் கட்டி செல்களைக் கிழிக்கும் என்று ஃப்ரேமாவே எனக்குச் சொல்லியிருக்கிறாள். முப்பது வருடம் அவள் எண்ணிய பொருள், அவளுக்குள்ளேயே, அன்று மதியத்துக்குள் கிழியத் தொடங்கிவிடும். உள்ளே அவள் குடும்பத்தார் அவளுக்காக மதுவைத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை குடும்பம் கூடியது. சனிக்கிழமை காலை ஒரு பையன் பைக்கில் வந்து பச்சை உறையைக் கொடுத்தான், பதிலுக்கு ஒரு புட்டியோடு. படிவத்தைப் பிரித்தேன். மூன்றாவது கோட்டில் கையெழுத்து இருந்தது. சின்னச் சின்ன எழுத்து, போகப் போக எறும்பு அளவுக்குக் குறுகியது, ஆனால் தெளிவாகப் படிக்க முடிந்தது. ஓபனின் க்வாசி தாவியா, குடும்பத் தலைவர். பக்கத்தில் இரண்டு சாட்சி.

நான் போன் செய்தேன்.

"மாமா, இது எதுக்கு இப்ப?"

"என்ன கேள்வி இது? முறையா கேட்டீர், முறையா குடுத்தோம். அவ தங்கச்சிதான் முதல்ல சரின்னா. படிச்சவ ஆசைப்பட்டதுன்னா."

"நாள் போச்சு, மாமா. செவ்வாய்க்கிழமையே போச்சு."

"நீர் திங்கட்கிழமை ஒழுங்கா வந்திருக்கணும்" என்றார்.

அது உண்மையாக இருந்ததுதான் கேவலம்.

பன்னிரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை, மாம்போங்கில் அடக்கம். சவப்பெட்டி நான் வாங்கியது. சாலை நெடுக சுவரொட்டிகள். பட்டமளிப்புத் தொப்பியோடு ஃப்ரேமா. மூளையை முழுதாக அறிந்த எங்கள் குலமகள் என்று அச்சடித்திருந்தார்கள். ஜெனரேட்டருக்குப் பணமில்லை என்றவர் பல்கலைக்கழகத்தின் சார்பில் நான்கு பக்கம் வாசித்தார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒரு மலர்வளையத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார், அதில் அவள் பெயரில் ஒரு எழுத்து தப்பு. நான் குடும்பத்தார் வரிசையில் உட்காரவில்லை. வழக்கப்படி எதிர் வரிசையில், வெளி ஆட்களோடு உட்கார்ந்து கை குலுக்கினேன்.

மாத்திரை இப்போது லரிபாவிடமிருந்து போகிறது. மாமி மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறார். ஒரு மாதம் நான் அதைத் தடுக்க நினைத்து, பொட்டலத்தை என் வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாமி வந்து, ஒன்றும் கேட்காமல் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். கொடுத்துவிட்டேன்.

சென்ற வருடம் படிவத்தை மாற்றலாமா என்று துறையில் ஒரு கூட்டம் போட்டார்கள். கொடுப்பவரின் கையெழுத்தே போதும் என்று வைக்கலாமா என்று கேட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து, போதும், போதும் என்று கோபமாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். லரிபா தச்சரின் கதையைச் சொன்னாள், பதினெட்டு மாதத்தைச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். என் முறை வந்தபோது நான் எழுதியதை வாசித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு அங்கே ஓட்டு இல்லை.

மூன்று கோடும் அப்படியே இருக்கின்றன. நோய் வந்து இறந்தவர்கள் இப்போது பதின்மூன்று பேர். ஆரோக்கியமானவர்கள், பூஜ்யம்.